வேட்பாளரே விற்பனையாளராக இருந்தபோது: ஒரு பிரசாரக் குழுவின் நிகழ்வு ஆய்வு

முன்குறிப்பு

இங்கே பதிவு செய்யப்படுவது, 2022 இடைக்காலத் தேர்தலில் (அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் தேர்தல்) அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்ட ஒருவரின் பிரசாரக் குழுவில் நடந்தது. அக்குழுவில் நான் உதவிப் பொருளாளராக இருந்தேன். மாநிலம், கட்சி, பெயர்கள் எதுவும் சொல்லப்படவில்லை. தொகைகள் முழு எண்களாக மாற்றப்பட்டுள்ளன. குழுவில் இருந்தவர்களின் ஒப்புதலோடு எழுதுகிறேன்.

நன்கொடையாளர் பணத்தை வேட்பாளர் வீட்டுக்கு எடுத்துச் சென்ற வழக்குகள் பலருக்கும் தெரியும். பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களாக இருந்த ஜெஸ்ஸி ஜாக்சன் ஜூனியர் 2013-லும் டங்கன் ஹன்டர் 2019-லும் பிரசார நிதியைச் சொந்தச் செலவுக்குப் பயன்படுத்தியதாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இருவருக்கும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அத்தகைய வழக்குகளில் எது தவறு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் குழுவில் யாரும் திருடவில்லை. ஆனாலும் நன்கொடையாளர்களின் பணம் செலவான விதத்தில் ஒரு கோணல் இருந்தது. அது எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின.

பின்னணி

வேட்பாளர் முதல்முறையாகப் போட்டியிட்டவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சகத் தொழிலில் இருப்பவர். அவருடைய நிறுவனம் துண்டறிக்கைகளை அச்சிட்டு, முகவரி ஒட்டி, அஞ்சலில் சேர்ப்பது வரை எல்லாவற்றையும் செய்துகொடுக்கும். பள்ளி வாரியத் தேர்தல் முதல் மாநிலச் சட்டமன்றத் தேர்தல் வரை பல பிரசாரக் குழுக்கள் அவருடைய வாடிக்கையாளர்களாக இருந்தன. நேரத்துக்கு வேலை முடித்துத் தருபவர் என்ற நற்பெயர் அவருக்கு இருந்தது. அந்தப் பெயர் உழைத்துச் சம்பாதித்தது.

இரண்டு நிறுவனங்கள் இந்த நிகழ்வில் வருகின்றன. அச்சகம் ஒரு கார்ப்பரேஷன். அதில் வேட்பாளருக்கு அறுபது விழுக்காடு பங்கும், நீண்டகாலக் கூட்டாளி ஒருவருக்கு நாற்பது விழுக்காடு பங்கும் இருந்தன. பிரசாரத் தலைமை அலுவலகம் அமைந்த கட்டடம் வேறொரு எல்.எல்.சி. (வரையறுக்கப்பட்ட பொறுப்பு) நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அதன் ஒரே உரிமையாளர் வேட்பாளர். சட்டத்தின் பார்வையில் இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரியது என்பது பின்னால் தெரியவரும்.

பிரசார நிதியின் பெரும்பகுதி சிறு நன்கொடைகளாக வந்தது. அந்தத் தேர்தல் சுற்றில் ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்கு 2,900 டாலர் வரை தரலாம். எங்களுக்கு அந்த உச்சவரம்பைத் தொட்டவர்கள் மிகச் சிலர். தவிர, வேட்பாளர் தன் சொந்தப் பணத்திலிருந்து 60,000 டாலரைக் குழுவுக்குக் கடனாகக் கொடுத்திருந்தார். வேட்பாளர் தன் பணத்தைத் தன் பிரசாரத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்பது உச்ச நீதிமன்றத்தின் 1976-ஆம் ஆண்டு பக்லி எதிர் வாலியோ தீர்ப்பிலிருந்து நிலைபெற்ற உரிமை.

சட்டம் என்ன சொல்கிறது

வேட்பாளர் தன் நிறுவனத்திடமிருந்தே பொருளோ சேவையோ வாங்கக்கூடாது என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் சொல்லவில்லை. பலருக்கு இது வியப்பாக இருக்கிறது. 2016 அதிபர் தேர்தலில் டொனால்ட் டிரம்பின் பிரசாரக் குழு டிரம்ப் டவரில் வாடகைக்கு இருந்ததும், அவருக்குச் சொந்தமான விமான நிறுவனத்துக்குப் பணம் செலுத்தியதும், அந்தக் குழுவே தாக்கல் செய்த கணக்குகளில் வெளிப்படையாக உள்ளன.

சட்டம் தடுப்பது இரண்டு விஷயங்களை. முதலாவது, பிரசார நிதியைச் சொந்தப் பயன்பாட்டுக்குத் திருப்புவது. பிரசாரமே இல்லாதிருந்தாலும் இந்தச் செலவு வந்திருக்குமா என்பதே அதற்கான சோதனை. வேட்பாளருக்கோ அவர் குடும்பத்துக்கோ சொந்தமான இடத்தை, அது அவர்கள் குடியிருக்கும் வீடாக இல்லாத பட்சத்தில், குழு வாடகைக்கு எடுக்கலாம். நியாயமான சந்தை மதிப்புக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு டாலரும் சொந்தப் பயன்பாடாகக் கருதப்படும். இரண்டாவது தடை அதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. 1907-ஆம் ஆண்டின் டில்மன் சட்டம் முதல் கார்ப்பரேஷன்கள் கூட்டாட்சி வேட்பாளர்களுக்கு நன்கொடை தரக்கூடாது. ஒரு கார்ப்பரேஷன் தன் வழக்கமான விலையைவிடக் குறைத்துக் கொடுத்தால், குறைத்த தொகை சட்டவிரோத நன்கொடை ஆகிவிடும்.

ஆக, வேட்பாளரின் அச்சகம் கூடுதலாகவும் வாங்க முடியாது, குறைவாகவும் வாங்க முடியாது. கட்டட விஷயம் வேறு. ஒரே தனிநபருக்குச் சொந்தமாக இருந்து, வரி விஷயத்தில் கார்ப்பரேஷனாக நடத்தப்படாத எல்.எல்.சி. கொடுப்பது அந்தத் தனிநபர் கொடுத்ததாகவே கணக்கு. எனவே வாடகையைக் குறைத்தால் அது வேட்பாளரே தன் பிரசாரத்துக்குத் தரும் நன்கொடை. கணக்கில் காட்டினால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 200 டாலருக்கு மேல் பெறும் எந்த நிறுவனத்தின் பெயரையும், முகவரி, தேதி, தொகை, நோக்கம் ஆகியவற்றோடு கூட்டாட்சித் தேர்தல் ஆணையத்துக்குத் தரும் அறிக்கையில் எழுத வேண்டும். ஆனால் அந்த நிறுவனம் வேட்பாளருடையது என்று எழுத வேண்டியதில்லை. வேட்பாளரின் சொத்து விவரங்கள் வேறோர் ஆவணத்தில், பிரதிநிதிகள் சபைச் செயலரிடம் தாக்கலாகின்றன. அதில் நிறுவனப் பங்குகள் இருக்கும். பிரசாரக் குழு எவ்வளவு கொடுத்தது என்பது இருக்காது. இரண்டு அலுவலகங்களின் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குத்தான் உண்மை தெரியும். நன்கொடையாளர்களில் எத்தனை பேர் அப்படிப் பார்ப்பார்கள்?

முதலில் கவனித்தவை

2022-இன் முதல் காலாண்டு அறிக்கையைத் தயாரித்தபோது, செலவான ஒவ்வொரு மூன்று டாலரிலும் ஒரு டாலருக்கு மேல் இந்த இரு நிறுவனங்களுக்குச் சென்றிருந்ததைப் பொருளாளர் கவனித்தார். அவர் ஓய்வுபெற்ற கணக்காளர். குழுவில் எல்லோரையும்விட வயதில் மூத்தவர். அறிக்கையில் அவை ‘வாடகை’ என்றும் ‘அச்சு மற்றும் அஞ்சல்’ என்றும் சாதாரண வரிகளாக இருந்தன. கட்டட நிறுவனத்தின் பெயரைப் பார்த்து வேட்பாளரை யாரும் நினைக்க முடியாது. அது கட்டடம் அமைந்த தெருவின் பெயரில் பதிவாகியிருந்தது.

வாடகைக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லை. மாதம் 2,200 டாலர் என்று பேச்சில் முடிவாகியிருந்தது. அச்சு வேலைக்கு விலைப்புள்ளி கேட்கப்படவில்லை. வேட்பாளர் தன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்வார், வேலை நடக்கும், பில் வரும். இதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. சொந்தத் தொழில் நடத்துபவர் நாள்தோறும் செய்வதைத்தான் அவர் செய்தார். சொந்தப் பணத்தில் இயங்கும் தொழிலுக்கு அது பொருந்தும். இங்கே பணம் மற்றவர்களுடையது.

பொருளாளர் பொறுப்பில் ஆள் இல்லாத குழு ஒரு டாலர்கூட வாங்கவோ செலவழிக்கவோ முடியாது. அவர் கையெழுத்து அவ்வளவு கனமானது. அறிக்கையில் பிழை இருந்தால் தனிப்பட்ட முறையிலும் அவர் பதில் சொல்ல நேரலாம். அவர் வேட்பாளரிடம், “இந்தப் பில்களில் நான் கையெழுத்துப் போடுவேன். ஆனால் விலை சரியா என்று எனக்குத் தெரிய வேண்டும், நீங்கள் சரி என்று சொல்வதை மட்டும் வைத்து அதை நான் முடிவு செய்ய முடியாது” என்றார். வேட்பாளர் கோபப்படவில்லை. எல்லாக் கணக்குகளையும் திறந்து காட்டச் சொன்னார்.

முதல் முடிவு: விலையைச் சோதிப்பது

வாடகை எளிதாக முடிந்தது. தொடர்பில்லாத ஒரு மனைத் தரகர், அதே பகுதியில் அதே அளவிலான அலுவலகங்களின் வாடகையை எழுதித் தந்தார். எங்கள் தொகை அந்த வரம்புக்குள் நடுவில் இருந்தது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் போட்டு, தரகரின் கடிதத்தை அதனுடன் இணைத்தோம்.

அச்சகக் கணக்கில்தான் நாங்கள் எதிர்பாராதது கிடைத்தது. வேட்பாளர் கூடுதலாக வாங்குகிறாரோ என்ற ஐயத்தில்தான் எல்லோரும் பார்த்தோம். வேறு இரண்டு அச்சகங்களிடம் விலைப்புள்ளி கேட்டபோது, எங்கள் பில் இரண்டையும்விடக் குறைவாக இருந்தது. பிரசார மேலாளர் நிம்மதியானார். குழுவின் வழக்கறிஞர் கவலைப்பட்டார்.

குறைவுக்கு மூன்று காரணங்கள் இருந்தன. ஒன்று, பெரிய அளவுக்கான தள்ளுபடி. அச்சகத்தின் பழைய பில்களைப் பார்த்தோம். அரசியலோடு தொடர்பே இல்லாத வாடிக்கையாளர்களுக்கும் அதே அளவுக்கு அதே தள்ளுபடி தரப்பட்டிருந்தது. இது வழக்கமான விலைதான். இதில் சிக்கல் இல்லை. இரண்டாவது, அவசர வேலைக் கட்டணம். மற்ற வாடிக்கையாளர்கள் அனைவரும் கொடுக்கும் இந்தக் கட்டணம் எங்கள் பில்களில் இல்லை. வேட்பாளரின் பிரசாரம் என்பதால் அச்சக ஊழியர்கள் தாங்களாகவே விட்டுவிட்டார்கள். மூன்றாவதுதான் கனமானது. அஞ்சல் கட்டணம் அஞ்சல் துறைக்கு முன்கூட்டியே கட்டப்பட வேண்டியது. தேர்தல் முடிந்ததும் காசில்லாமல் கலையும் குழுக்களைப் பார்த்துப் பழகிய அச்சகங்கள், பிரசாரக் குழுக்களிடம் அஞ்சல் கட்டணத்தை முதலிலேயே வாங்கிவிடும். இந்த அச்சகமும் மற்றக் குழுக்களிடம் அப்படித்தான் வாங்கியது. எங்களுக்கு மட்டும் தானே கட்டிவிட்டு, முப்பது நாள் தவணையில் பில் அனுப்பியிருந்தது. ஓர் அஞ்சல் சுற்றில், அதாவது வாக்காளர்களுக்கு ஒருமுறை துண்டறிக்கை அனுப்புவதில், ஏறத்தாழ 20,000 டாலர் செலவாகும். அதில் சரிபாதிக்கு அருகில் அஞ்சல் கட்டணம்.

ஒரு நிறுவனம் கடன் தரலாம். ஆனால் அரசியல் அல்லாத வாடிக்கையாளருக்குத் தரும் அதே நிபந்தனைகளில், தன் வழக்கமான வணிக நடைமுறையில் தர வேண்டும் என்பது ஆணையத்தின் விதி. மற்றவர்களுக்கு இல்லாத சலுகை எங்களுக்குக் கிடைத்திருந்தால், அது கார்ப்பரேஷன் தந்த நன்கொடையாகப் பார்க்கப்படலாம். இதில் கூட்டாளியின் நிலையும் இருந்தது. அவர் பிரசாரத்தை ஆதரித்தாரா என்று யாரும் கேட்டதில்லை. விட்டுக்கொடுத்த ஒவ்வொரு டாலரிலும் நாற்பது காசு அவருடையது.

எடுத்த முடிவுகள்: விடுபட்ட அவசரக் கட்டணங்களுக்கு அச்சகம் பில் போட்டது, குழு உடனே செலுத்தியது. நிலுவையில் இருந்த அஞ்சல் கட்டணம் முழுவதும் தீர்க்கப்பட்டது. இனி அஞ்சல் கட்டணம் அச்சகம் வழியாகப் போகாமல் குழுவிலிருந்து நேரடியாக அஞ்சல் துறைக்குப் போகும் என்று ஏற்பாடானது. இந்தக் கடைசி ஏற்பாட்டுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதுவரை அறிக்கையில் அச்சகத்தின் பெயரில் தெரிந்த தொகையில் பாதி உண்மையில் அஞ்சல் துறைக்குப் போய்ச்சேர்ந்தது. இப்போது வேட்பாளரின் நிறுவனம் எவ்வளவு பெற்றதோ அவ்வளவு மட்டும் அதன் பெயரில் இருந்தது.

விலை சரியானதும் விஷயம் முடிந்தது என்று குழுவில் பெரும்பாலோர் நினைத்தார்கள்.

விலைக்கு அப்பால் இருந்தது

வசந்த காலத்தில் களப்பணித் தலைவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஊதியம் பெறும் களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று வாக்காளர்களிடம் பேச வேண்டும். அதற்கு இரண்டு அஞ்சல் சுற்றுகளை விட்டுக்கொடுத்தால் போதும் என்றார். அவர் வெறுமனே கேட்கவில்லை. 1998-இல் நியூ ஹேவன் நகரில் ஏறத்தாழ 30,000 வாக்காளர்களைக் கொண்டு ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் ஆகிய அரசியல் அறிவியலாளர்கள் நடத்திய களச் சோதனை, நேரில் சென்று பேசுவது வாக்குப்பதிவைக் கணிசமாக உயர்த்துவதையும், அஞ்சலின் விளைவு சிறிதாக இருப்பதையும் காட்டியது. அதையும் எங்கள் தொகுதியின் எண்களையும் வைத்துப் பேசினார்.

திட்டம் நிராகரிக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில் சிறிய வடிவில் மீண்டும் வந்தது, மீண்டும் நிராகரிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் பணம் அஞ்சலுக்கே போனது. கோடையில் அஞ்சல் சுற்றுகள் கூடின. கோடை, அந்த அச்சகத்தில் மற்ற வேலைகள் மந்தமாக இருக்கும் காலம்.

வேட்பாளர் அச்சகத்துக்கு வேலை தேடித்தரத்தான் அப்படிச் செய்தாரா? நான் அப்படி நம்பவில்லை. அவரோடு பணியாற்றிய யாரும் நம்பவில்லை. முப்பது ஆண்டுகளாகத் துண்டறிக்கைகளால் வென்ற வேட்பாளர்களைப் பார்த்தவர் அவர். அவருக்கு அஞ்சலில் உண்மையான நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையை உருவாக்கியது அவருடைய தொழில். அந்த நம்பிக்கையால் பயன்பெற்றதும் அதே தொழில். இரண்டையும் பிரித்துப்பார்க்க அவராலேயே முடியாது. நல முரண், அதாவது ஒருவரின் பொறுப்பும் சொந்த ஆதாயமும் மோதும் நிலை, கெட்ட எண்ணம் உள்ளவரிடம் மட்டும் இருப்பது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நேர்மையான ஒருவரின் நேர்மையான தீர்மானத்தைக்கூட, அது நேர்மையானதுதான் என்று யாராலும் உறுதிசெய்ய முடியாதபடி ஆக்கிவிடுகிறது அது.

ஊழியர்களின் நிலை இன்னும் கடினமாக இருந்தது. மேலாளர் ஒருநாள் பொருளாளரிடம், “அஞ்சலைக் குறைக்கலாம் என்று நான் சொன்னால், அவருடைய வாழ்நாள் உழைப்பையே குறை சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. அதனால் யாரும் சொல்வதில்லை” என்றார். வேறொரு அச்சகத்தின் பில்லாக இருந்திருந்தால் அதே மேலாளர் தயங்காமல் வெட்டியிருப்பார்.

சந்தை விலைச் சோதனை இதைத் தொடவே இல்லை. இருபதாயிரம் டாலர் வேலைக்கு இருபதாயிரம் டாலர் வாங்கினால் விதி நிறைவேறிவிடுகிறது. அந்த வேலை தேவையா, அதற்கு முன் வேறு எதற்கு அந்தப் பணம் போயிருக்க வேண்டும் என்ற கேள்விகள் விதிக்கு வெளியே நிற்கின்றன. நன்கொடையாளரின் பார்வையில் அவைதான் பெரிய கேள்விகள். இருபத்தைந்து டாலர் அனுப்பிய ஒருவர் அச்சு விலை நியாயமாக இருக்க வேண்டும் என்பதற்காக அனுப்பவில்லை. தேர்தலில் வெல்ல வேண்டும் என்பதற்காக அனுப்பினார்.

இரண்டாவது முடிவு: தீர்மானிப்பவரை மாற்றுவது

பொருளாளர் இதை ஒரு குறிப்பாக எழுதி வேட்பாளரிடம் கொடுத்தார். இரண்டு வழிகள் பேசப்பட்டன.

முதல் வழி, வேட்பாளரின் நிறுவனங்களிடமிருந்து வாங்குவதை அடியோடு நிறுத்துவது. தூய்மையானது, விளக்கம் சொல்ல வேண்டியிராது. ஆனால் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தபோது புதிய அச்சகத்தைப் பழக்க வேண்டும், விலையும் கூடும். வழக்கறிஞர், “சட்டம் அனுமதிப்பதை நாமே தடைசெய்தால், இதுவரை செய்தது தவறு என்று ஒப்புக்கொண்டதாகப் படிப்பார்கள்” என்றார். இந்த வாதம் எனக்கு அப்போதும் திருப்தி தரவில்லை. ஆனால் விலையும் நேரமும் பற்றிய வாதங்களுக்கு வலு இருந்தது.

இரண்டாவது வழியே ஏற்கப்பட்டது. பொருளாளர், மேலாளர், வழக்கறிஞர் ஆகிய மூவர் குழு ஒன்று அமைந்தது. 5,000 டாலருக்கு மேற்பட்ட எந்த அச்சு வேலைக்கும் வெளியிலிருந்து குறைந்தது ஒரு விலைப்புள்ளி வாங்க வேண்டும்; அதை வேட்பாளரோ அச்சகமோ முன்கூட்டிப் பார்க்கக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது வேலையின் வரிசை: எந்த வாக்காளர்களை எந்த வழியில் சென்றடைவது என்பது முதலில் எழுத்தில் முடிவாக வேண்டும், யாரிடம் வாங்குவது என்ற பேச்சு அதன் பிறகுதான் தொடங்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் வேட்பாளர் செய்தியின் உள்ளடக்கம் பற்றிப் பேசலாம். அஞ்சல் சுற்றுகளின் எண்ணிக்கை பற்றிப் பேசக்கூடாது.

அடுத்த திட்டத்தில் ஓர் அஞ்சல் சுற்று குறைந்தது. களப்பணியாளர்களுக்குப் பணம் கிடைத்தது. வேட்பாளர் அந்த முடிவை மாற்றவில்லை. அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும், எளிதான விஷயமல்ல.

மூன்றாவது கேள்வி: சொல்வதா வேண்டாமா

பொருளாளருக்கு இன்னொரு யோசனை இருந்தது. ஆணையத்துக்குத் தரும் அறிக்கையில் ஒவ்வொரு செலவுக்கும் விளக்கக் குறிப்பு சேர்க்க இடம் உண்டு. ‘இந்நிறுவனத்தில் வேட்பாளருக்குப் பங்கு உள்ளது, விலை சந்தை மதிப்போடு ஒப்பிடப்பட்டது’ என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றார்.

வழக்கறிஞர் கடுமையாக எதிர்த்தார். சட்டம் கேட்காததைச் சொல்வது எதிராளியின் கையில் ஆயுதம் கொடுப்பதாகும் என்றார். ஒரு வழக்கறிஞர் அப்படித்தான் அறிவுரை சொல்ல வேண்டும். அவர் தன் வேலையைச் செய்தார். வேட்பாளர் யோசித்துவிட்டு, “மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் யாரும் கேட்காததை நானே போய்ச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை” என்றார். குறிப்பு சேர்க்கப்படவில்லை.

பின்தொடர்ந்தவை

கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தலுக்குச் சில வாரங்களுக்கு முன், உள்ளூர்ச் செய்தியாளர் ஒருவர் ஆணைய அறிக்கை, சொத்து விவரம் ஆகிய அந்த இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். செய்தி வெளியானது. அதில் ஒரு பிழைகூட இல்லை. குழு மறுக்க வேண்டிய வரியும் இல்லை. நிறுவனங்களின் பெயர், தொகை, வேட்பாளரின் பங்கு எல்லாம் சரி. வேட்பாளர் தரப்பிலிருந்து, விலைகள் சந்தை மதிப்பில் இருந்தன என்றும் ஆவணங்கள் உள்ளன என்றும் பதில் தரப்பட்டது. செய்தியின் கடைசிப் பகுதியில் அது வந்தது.

தொலைபேசியில் அழைத்த நன்கொடையாளர்களில் விலையைப் பற்றிக் கேட்டவர் எவரும் இல்லை என்று மேலாளர் குறித்து வைத்திருக்கிறார். “எங்களிடம் ஏன் சொல்லவில்லை?” என்பதே திரும்பத் திரும்ப வந்த கேள்வி. கையில் தரகர் கடிதமும், விலைப்புள்ளிகளும், மூவர் குழுவின் குறிப்புகளும் இருந்தன. அவற்றில் எதுவும் அந்தக் கேள்விக்கு விடையாக அமையவில்லை.

எதிர்த் தரப்பு ஆதரவாளர் ஒருவர் ஆணையத்தில் புகார் அளித்தார். பதிலளிக்கப் பதினைந்து நாள் கிடைக்கும். வேறு குழுக்கள் அந்தப் பதினைந்து நாளில் பில்களைத் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் பொருளாளர் ஒரே கோப்பை எடுத்து வழக்கறிஞரிடம் கொடுத்தார். அவசரக் கட்டணமும் அஞ்சல் கட்டணமும் புகார் வருவதற்கு முன்பே, யாரும் கேட்காமலே திருத்தப்பட்டிருந்தது பதிலின் வலுவான பகுதியாக அமைந்தது. சட்டப்படி ஆணையத்தில் ஆறு உறுப்பினர்கள். ஒரே கட்சியிலிருந்து மூவருக்கு மேல் இருக்க முடியாது. எந்த நடவடிக்கைக்கும் நான்கு வாக்குகள் வேண்டும். முடிவு வர நெடுங்காலம் ஆனது. தேர்தல் முடிந்து, எல்லோரும் வேறு வேலைகளுக்குப் போன பிறகு புகார் தள்ளுபடியானது. அந்தத் தள்ளுபடியைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் செய்தி வரவில்லை.

வேட்பாளர் முதன்மைத் தேர்தலில் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார். அந்தச் செய்திதான் காரணமா என்று சொல்ல வழியில்லை. போட்டியாளர் நன்கு அறிமுகமானவர், அவரிடம் பணமும் கூடுதலாக இருந்தது.

தோல்விக்குப் பின் வந்த கணக்கு

வழக்கமாக இத்தகைய ஆய்வுகள் தேர்தல் முடிவோடு நின்றுவிடும். நல முரணின் மிகக் கூர்மையான வடிவத்தை நாங்கள் அதற்குப் பின்தான் பார்த்தோம்.

வங்கிக் கணக்கில் இருந்த பணம் எல்லாக் கடன்களுக்கும் போதவில்லை. பாக்கி வர வேண்டியவர்களில் களப்பணியாளர்களுக்கு ஊதியம் வழங்கிய நிறுவனம், ஒரு சிறிய வடிவமைப்பாளர், வேட்பாளரின் அச்சகம், தன் கடனுக்காக வேட்பாளர் ஆகியோர் இருந்தார்கள். யாருக்கு முதலில் கொடுப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் நடைமுறையில் வேட்பாளரிடம் இருந்தது. நான்கில் இரண்டு கடன் அவருக்கே வர வேண்டியவை.

அந்த ஆண்டு மே மாதம், செனட் உறுப்பினர் டெட் குரூஸின் பிரசாரக் குழு தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், வேட்பாளர் தந்த கடனைத் தேர்தலுக்குப் பிறகு திரட்டும் நன்கொடையிலிருந்து திருப்பித்தருவதற்கு இருந்த 2,50,000 டாலர் வரம்பை நீக்கியது. எங்கள் தொகை அந்த வரம்புக்கு வெகு கீழே. ஆகவே தீர்ப்பால் எங்களுக்கு மாற்றமில்லை. ஆனால் தேர்தலுக்குப் பிறகு நன்கொடை கேட்டுத் தன் கடனை மீட்பது பற்றி வேட்பாளரிடம் பேசியவர்கள் இருந்தார்கள்.

மூவர் குழு கூடி, வெளியாருக்கு முதலில், அச்சகத்துக்கு அடுத்து, வேட்பாளரின் கடன் கடைசியில் என்று எழுதியது. வேட்பாளர் ஏற்றார். வெளியாருக்குக் கொடுத்து முடித்தபோது அச்சகத்துக்குக் கொடுக்கப் பணம் இல்லை. அச்சகம் அந்தப் பாக்கியைத் தள்ளுபடி செய்துவிடலாமே என்று அவர் கேட்டார். முடியாது. கார்ப்பரேஷன் பாக்கியை விட்டுக்கொடுத்தால் அதுவும் நன்கொடை. கலையும் குழு கடனைக் குறைத்துத் தீர்க்க வேண்டுமானால் ஆணையத்திடம் தனித் திட்டம் தாக்கல் செய்து, வேறு எந்த வாடிக்கையாளரிடமும் எடுத்திருக்கும் வசூல் முயற்சிகளை அச்சகம் எடுத்தது என்றும் காட்ட வேண்டும். தன் நிறுவனம் தன் குழுவிடம் மும்முரமாக வசூலிக்க முயன்றது என்று ஒருவர் எப்படிக் காட்டுவார்?

கடைசியில் வேட்பாளர் தன் சொந்தப் பணத்தைக் குழுவுக்கு நன்கொடையாகத் தந்தார்; குழு அதிலிருந்து அச்சகத்துக்கு முழுத் தொகையையும் செலுத்தியது. பழைய கடனையும் நன்கொடையாக மாற்றிக்கொண்டார். கூட்டாளிக்கு அவர் பங்கு கிடைத்தது. குழு முடிவு அறிக்கை தாக்கல் செய்து கலைந்தது.

மாற வேண்டியவை

மேலாளர் அடுத்த தேர்தல் சுற்றில் வேறொரு குழுவுக்குச் சென்றார். அங்கும் வேட்பாளருக்குச் சொந்தத் தொழில் இருந்தது. நாங்கள் சேர்ந்து எழுதிய நடைமுறை அங்கே முதல் நன்கொடை வருவதற்கு முன்பே கையெழுத்தானது. விலைச் சோதனையும் எழுத்துபூர்வ ஒப்பந்தமும் அதில் உள்ளன. அவற்றை விளக்கத் தேவையில்லை. மூன்று இடங்களில் அது எங்கள் குழு செய்ததைத் தாண்டிப் போகிறது.

உறவை வெளியிடுவது அங்கே விருப்பமாக விடப்படவில்லை. வேட்பாளருக்கோ குடும்பத்தினருக்கோ பங்குள்ள நிறுவனத்துக்குச் செல்லும் ஒவ்வொரு தொகைக்கும் அறிக்கையில் விளக்கக் குறிப்பு சேர்க்கப்படுகிறது. எதிராளி அதைப் பயன்படுத்துவார் என்ற கவலை உண்மையானதுதான். ஆனால் நன்கொடையாளர் அதைக் குழுவிடமிருந்து முதலில் கேட்கிறார்.

செலவுத் திட்டம் முழுவதும், எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லாமல், முதலில் எழுதப்படுகிறது. எங்கள் குழு இதை நடுவில் தொடங்கியது. அதற்குள் அஞ்சல் என்பது பழக்கமாகிவிட்டிருந்தது. பழகிய செலவை வெட்டுவது, புதிதாக ஒன்றை மறுப்பதைவிட மிகக் கடினம்.

மூன்றாவது இடம் இன்னும் முழுமையாகத் தீரவில்லை. எங்கள் மூவர் குழுவில் இருந்த மூவரையும் வேட்பாளர் ஒரே நாளில் மாற்றியிருக்க முடியும். பொருளாளரை மாற்றுவதற்குக்கூட ஒரு படிவத்தைத் திருத்தித் தாக்கல் செய்தால் போதும். எங்கள் வேட்பாளர் அப்படிச் செய்யவில்லை என்பது அவருடைய குணத்தைச் சொல்கிறது. நடைமுறையின் வலிமையைச் சொல்லவில்லை. புதிய நடைமுறையில், குழுவிடம் ஊதியம் பெறாத வெளியாள் ஒருவர் நான்காவதாகச் சேர்க்கப்பட்டுள்ளார். வேட்பாளர் இந்தக் குழுவின் முடிவை மாற்றினால், காரணத்தைத் தன் கையெழுத்துடன் எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். உறுப்பினர்களில் ஒருவரை நீக்கினாலும் அதே விதி. அந்தக் கோப்பின் நகல் வெளியாளிடமும் இருக்கும்.